எடுத்தவன் ஏன் தேடுகிறான்?

அத்தியாயம் 4

வேலை போன மனிதர்கள் எத்தனையோ பேரை யூட் பார்த்திருக்கிறான். ஆனால் வேலை போன பிறகும் காலையில் சோற்றுப் பெட்டியோடு வீட்டை விட்டு வெளிக்கிட்டு, மாலைவரை ஹம்பேர்க் பிரதான ரயில் நிலையத்தின் வாங்கில் குந்தியிருந்துவிட்டுத் திரும்பிப் போகிற ஒருத்தி அவனுக்குப் புதிது.

"மூண்டு நாளா இப்பிடித்தானோ?" என்று அலுவலக மேசைக்கு அப்பால் இருந்து சந்திரகாந்தி கேட்டாள்.

"ஓம் அக்கா. அவருக்கு இன்னும் சொல்லேல்லை. சொன்னால் பிள்ளையளுக்கும் தெரிய வரும். அம்மாவைக் கள்ளி எண்டினம் எண்டு அதுகள் பள்ளிக்கூடத்திலை கேக்க வேணுமோ?" என்றாள் பிரபாலினி. முப்பத்தாறு வயது. மூன்று நாளும் சரியாகத் தூங்காத முகம்.

சந்திரகாந்தி இருபது வருடம் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். அடுத்தவர் சொல்லும் பொய்யைப் பிழையில்லாமல் மொழிபெயர்த்து அலுத்துப்போய், ஸ்டேஷனுக்குப் பின்புறம் ஒரு தமிழ்க் கடையின் மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். யூட் அவளுடைய உதவியாளன், சாரதி, கணினிக்காரன். வாய் மட்டும் அவனுடைய சொந்த முதலீடு.

விஷயம் இதுதான். நகரின் மேற்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதன் கிடங்கில் அம்புச் சிலுவைக் கட்சியின் உறுப்பினர் அட்டைகள் இரண்டாயிரத்துச் சொச்சம் கிடக்கின்றன. 1944இன் கடைசியில் நாசிகளின் தயவில் ஹங்கேரியின் ஆட்சியைப் பிடித்து, சில மாதங்களுக்குள் ஆயிரக்கணக்கான யூதர்களைப் புடாபெஸ்ட் ஆற்றங்கரையில் நிறுத்திச் சுட்டுத் தள்ளிய கூட்டம் அது. செஞ்சேனை நெருங்கியதும் கூட்டத்தின் ஒரு பகுதி காகிதங்களைப் பெட்டி கட்டிக்கொண்டு ஜெர்மனிக்கு ஓடி வந்தது. அந்தப் பெட்டிகளில் சில கைமாறிக் கைமாறி, போன வருடம் இந்தக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. உள்ளே அட்டைகள் எல்லாம் கலைந்து குப்பையாகக் கிடந்தன. அவற்றை எடுத்துத் துடைத்து, எழுத்து வரிசைப்படி கோப்புகளில் அடுக்குவது பிரபாலினியின் வேலை. ஸ்கான் செய்வது அடுத்த மாதம்தான். அதே அடுத்த மாதம் அவளுடைய வேலையும் நிரந்தரமாவதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை H கோப்பைக் காணவில்லை. ஐம்பத்திரண்டு அட்டைகள். கடந்த மூன்று வாரமும் எல்லாரும் போன பிறகு ஒரு மணி நேரம் கிடங்கில் தனியாக நின்றது பிரபாலினி என்று வாசல் பதிவு சொன்னது. இயக்குநர் டொக்டர் லோமான் அவளை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"ஏன் பிந்தி நிண்டனியள்?" என்றாள் சந்திரகாந்தி.

"வேலை கூட, அக்கா."

பிரபாலினி கையிலிருந்த ரயில் டிக்கெட்டை நாலாக மடித்தாள். பிறகு எட்டாக மடித்தாள். சந்திரகாந்தி அந்த விரல்களையே பார்த்தாள். உதவி கேட்டு வந்தவளே பொய் சொல்கிறாள் என்பது அவனுக்கே விளங்கிவிட்டது.

"நேத்து இது வந்தது" என்று பிரபாலினி கைப்பேசியை நீட்டினாள்.

லோமானின் மின்னஞ்சல். யூட் ஜெர்மன் மொழியில் இருந்ததைத் தமிழில் வாசித்தான். "மதிப்புக்குரிய பிரபாலினி அவர்களே, டொக்டர் ஹலாஸின் அட்டை வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முன் என் மேசைக்கு வந்து சேர்ந்தால், நடந்ததை நாம் மறந்துவிடலாம். வராவிட்டால், நாலு மணிக்குக் காவல்துறையினரை வரச் சொல்லியிருக்கிறேன். மூன்றரை மணிக்கு உரையாடலுக்கு வரவும். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம்."

"நல்ல மனிசன்தான். போலீசுக்கே நேரம் குறிச்சு Termin போட்டு வைச்சிருக்கிறார்" என்றான் யூட்.

"திருப்பி வாசி."

வாசித்தான்.

"உதிலை ஒரு கணக்குப் பிழைக்குது, யூட். யோசிச்சுக்கொண்டு வா. பிரபா, எழும்புங்கோ, போவம்."

அன்று வெள்ளிக்கிழமை. மணி ஒன்றே முக்கால்.

எஸ்-பான் ரயிலில் மழைத்தண்ணீர் கண்ணாடியில் வழிந்தது. பிரபாலினி ஒரு சீற் தள்ளி இருந்தாள். யூட் கைப்பேசியில் தேடிக்கொண்டே வந்தான்.

"காந்தியக்கா, ஆள் சிக்கிட்டான். ஹலாஸ் எண்டவர் போருக்குப் பிறகு ஹம்பேர்க்கிலை குழந்தை வைத்தியர். யூதப் பிள்ளையளை ஆஸ்பத்திரியிலை ஒளிச்சு வைச்சுக் காப்பாத்தினவராம், எந்தக் கட்சியிலும் இருக்கேல்லையாம். இண்டைக்கு அஞ்சு மணிக்கு ஒரு ரோட்டுக்கு அவரின்ரை பேர் வைக்கினம். திரை விலக்கிறது பேரன், தோமாஸ் ஹலாஸ். தாத்தாவின்ரை பேர் பாசிச லிஸ்டிலை கிடக்கெண்டு பேரனுக்குத் தெரிஞ்சால் விடுவானோ? எடுத்தவன் அவன்தான். வீடு வீடாய்க் கேக்கத் தேவையில்லை."

"கிடங்குப் பூட்டின்ரை திறப்பு அவனுக்கு எங்காலை?"

"அது... அடுத்த ஸ்டேஷனுக்குள்ளை யோசிச்சுச் சொல்றன்."

அடுத்த ஸ்டேஷனும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. திறப்பு வரவில்லை.

காப்பகத்தில் அவர்களுக்குக் கதவு திறந்தவர் துணை இயக்குநர் பீட்டர்சன் அம்மையார். அறுபதை நெருங்கும், சிரிப்பைச் சிக்கனமாக வைத்திருக்கும் பெண்மணி. "உரையாடலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கிடங்கைப் பார்க்க வேண்டுமென்றால் பாருங்கள். நான் பக்கத்தில் நிற்பேன். எதையும் தொடக் கூடாது" என்றார்.

கிடங்கு குளிராக இருந்தது. சாம்பல் நிற அட்டைப் பெட்டிகள், நீண்ட இரும்புத் தட்டுகள், ஒவ்வொரு தட்டிலும் வெள்ளை நிறத்தில் வட்டமாக ஒரு சின்னக் கருவி. அதன் முகத்தில் 45, 46 என்று எண்கள் ஓடின.

"இது என்ன, காகிதத்துக்குக் காய்ச்சல் பாக்கிறதோ?" என்றான் யூட்.

"ஈரமானி" என்றாள் பிரபாலினி. "ஈரம் கூடினால் பழைய கடதாசி பூஞ்சணம் பிடிச்சிடும். டொக்டர் லோமான் தன்ரை பிள்ளையளைக் கூட இப்பிடிப் பாத்திருக்க மாட்டார்."

ஹங்கேரிக் கோப்புகள் A முதல் Z வரை ஒரே தட்டில் நின்றன. ஒவ்வொன்றும் வெள்ளைப் பருத்தி நாடாவால் குறுக்கே கட்டப்பட்டிருந்தது. Gக்கும் Iக்கும் நடுவில் ஒரு ஓட்டை. பல் விழுந்த வாயைப் போல அது யூட்டைப் பார்த்தது.

சந்திரகாந்தி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தாள். திரும்பி நடந்தாள். கைக்கடிகாரத்தில் இரண்டு ஐம்பது. யூட் கணக்குப் பிழையை யோசித்தான், பிடிபடவில்லை.

"பிரபா, உங்கடை கழுத்துத் தாவணியைக் கழட்டி, இந்தக் கதிரைக் காலிலை ஒரு முடிச்சுப் போடுங்கோ. இஞ்சை கோப்புக் கட்டுற மாதிரி."

கழுத்தில் சுற்றியிருந்த குளிர்த் தாவணியைப் பிரபாலினி கழற்றிக் கட்டினாள். ஒற்றைச் சுருக்கு. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் பொலபொலவென்று அவிழ்கிற முடிச்சு.

"நான் முந்தி வேலை செய்த யாழ்ப்பாணக் கச்சேரியிலை, அரசாங்கக் காணிப் பகுதியிலை எல்லாரும் இப்பிடித்தான் கட்டுறது. நாளைக்கு இருநூறு கோப்பு அவிழ்த்துக் கட்ட வேணும். இதுதான் கெதியா வரும்."

"யூட், நீ எப்பிடிக் கட்டுவாய்?"

"நான் ஜெர்மன் Kindergarten-இலை படிச்சவன் அக்கா. சப்பாத்து முடிச்சு. ரெண்டு முயல் காது."

"இப்ப தட்டைப் பார்."

யூட் பார்த்தான். A, B, C, D, E எல்லாவற்றிலும் ஒற்றைச் சுருக்கு. அந்தப் பக்கம் L இலிருந்து Z வரைக்கும் ஒற்றைச் சுருக்கு. ஓட்டைக்கு இந்தப் பக்கம் F, G, அந்தப் பக்கம் I, J, K. அந்த ஐந்திலும் அழகான இரட்டை முயல் காது.

அவன் குனிந்து ஐந்தையும் இன்னொரு தடவை எண்ணினான்.

சந்திரகாந்தி ஜெர்மன் மொழியில் திரும்பிக் கேட்டாள். "பீட்டர்சன் அம்மையாரே, செவ்வாய்க்குப் பிறகு இங்கே யார் வேலை செய்தது?"

"யாருமில்லை. அறையைப் பூட்டி வைக்கும்படி டொக்டர் லோமான் உத்தரவிட்டார். சாவி இரண்டு. ஒன்று என்னிடம். ஒன்று அவரிடம்."

"திங்கட்கிழமை மாலை இந்த நாடாக்கள் எப்படி இருந்தன?"

"எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. பிரபாலினி கட்டுவது எங்களைப் போல் இல்லை என்று நான்கூட நினைத்தேன்." பீட்டர்சன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் நிறம் இல்லை.

யூட் மெதுவாக அந்த அம்மையாரின் காலைப் பார்த்தான். நாடா இல்லாத சப்பாத்து. அதை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது என்று தன்னைத்தானே கண்டித்துக்கொண்டான்.

"கேள், யூட்" என்றாள் சந்திரகாந்தி தமிழில். "திங்கட்கிழமை பின்னேரம் ஒருத்தர் H கோப்பைத் தூக்கிட்டார். வேணுமெண்டது கையிலை வந்திட்டுது. பேந்து ஏன் செவ்வாய்க்குப் பிறகும் வந்து பக்கத்துக் கோப்புகளைக் கிளறுறார்? எடுத்தவன் ஏன் தேடுறான்?"

"கோப்பு கிடைச்சது, அட்டை கிடைக்கேல்லை" என்றான் யூட். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவனுக்கே உறைத்தது.

"அப்பாடி, சம்பளம் வீண் போகேல்லை. H இலை இருக்க வேண்டிய அட்டை H இலை இல்லை. அப்ப அது எங்கை?" சந்திரகாந்தி பிரபாலினியின் முன்னால் போய் நின்றாள். குரல் இறங்கிவிட்டது. "அடுக்கினது நீங்கள். பிந்தி நிண்டதும் நீங்கள். வேலை கூட எண்டு சொன்னது பொய். நான் கோபிக்கேல்லை, பிரபா. ஆனால் நாலு மணிக்குப் போலீஸ் வரும். இப்ப சொல்லாட்டில் பேந்து சொல்ல நேரமில்லை."

பிரபாலினி கதவடியில் நின்ற பீட்டர்சனைப் பார்த்தாள். அந்த அம்மையாருக்குத் தமிழ் தெரியாது என்பது அவளுக்கு நினைவு வரச் சில நொடிகள் எடுத்தன. பிறகு அணை உடைந்தது.

"நான் பிழையா அடுக்கிட்டன் அக்கா. ரெண்டாயிரம் அட்டையும்."

"எப்பிடிப் பிழை?"

"எங்கடை ஊரிலை தகப்பன்ரை பேர் முன்னுக்கு, எங்கடை பேர் பின்னுக்கு. க. பிரபாலினி எண்டால் கச்சேரியிலை என்ரை கோப்பு 'ப'விலைதான் கிடக்கும். 'க'விலை ஒருத்தரும் தேட மாட்டினம். ஹங்கேரிக்காரரும் குடும்பப் பேரை முன்னுக்கு எழுதி, சொந்தப் பேரைப் பின்னுக்கு எழுதுறவை எண்டு முதல் நாளே சொல்லிச்சினம். எனக்கு நல்ல சந்தோசம். எங்களை மாதிரித்தானே எண்டு, பின்னுக்கு இருந்த சொந்தப் பேரைப் பாத்தே எல்லாத்தையும் அடுக்கினன். மூண்டு கிழமைக்கு முன்னம் பீட்டர்சன் அம்மா கதையோட கதையா, 'குடும்பப் பேர்படிதானே அடுக்கியிருக்கிறீர்கள்' எண்டு கேட்டா. எனக்கு நெஞ்சு திக்கெண்டது. ஓம் எண்டு சொல்லிட்டன்."

"அதுக்குப் பிறகு பின்னேரத்திலை நிண்டு திருத்தினனீங்கள்."

"ஓம். கடைசியிலையிருந்து. Z கோப்பிலை கிடந்ததுகளை எடுத்து ஒவ்வொண்டா அதுக்கு உரிய குடும்பப் பேருக்குப் போட்டன். அப்பிடியே பின்னாலை வந்து K வரைக்கும் முடிச்சிட்டன். J இலையிருந்து A வரை இன்னும் பழைய பிழையிலைதான் கிடக்கு." அவள் சந்திரகாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவைக்குச் சொல்லாதேங்கோ அக்கா. வேலை தெரியாதவள் எண்டு கலைச்சுப் போடுவினம். அடுத்த மாதம் நிரந்தரம். எட்டு வருசம் ஹொட்டேல் கக்கூஸ் கழுவித்தான் இந்தக் கதிரைக்கு வந்தனான்."

யூட்டுக்கு வழக்கமாக வாயில் வந்து நிற்கும் பகிடி எதுவும் வரவில்லை. அவனுடைய அம்மாவும் ஹொட்டேலில்தான் வேலை செய்தாள்.

"நான் சொல்ல மாட்டன்" என்றாள் சந்திரகாந்தி. "சொல்றதெண்டால் நீங்கள்தான் சொல்லவேணும். ஆனால் ஒண்டு யோசியுங்கோ. செய்யாத களவுக்குக் கள்ளியாப் போகப் போறியளோ, செய்த பிழைக்குப் பிழைகாரியா நிக்கப் போறியளோ?"

பிரபாலினி தாவணியை அவிழ்த்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். மணி மூன்று இருபத்தைந்து.

பீட்டர்சன் அவர்களை மாடியில் இயக்குநரின் அறைக்கு அழைத்துப் போய்த் தானும் அங்கேயே இருந்தார். லோமான் எழுந்து நின்று வரவேற்றார். வெள்ளித் தலை, மெல்லிய குரல், எல்லாருக்கும் கோப்பி. இவ்வளவு பண்பாக இருக்கிறாரே என்றுதான் யூட்டுக்குப் பயமாக இருந்தது. மேசையில் ஒரு தடித்த புத்தகம், அதன் அட்டையில் கண்ணாடி போட்ட குழந்தை வைத்தியர் ஒருவர் சிரித்தார். டொக்டர் ஹலாஸின் வாழ்க்கை வரலாறு. எழுதியவர் லோமான்.

ஜன்னலோரம் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கறுப்பு உடுப்பில் இருந்தார். சட்டையில் வெள்ளைப் பூ. "தோமாஸ் ஹலாஸ்" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். யூட்டின் சந்தேக ஆசாமி நேரில் பார்க்கும்போது பல்வலிக்காரர் போல இருந்தார்.

மூன்று பேருடைய நனைந்த கோட்டுகளும் யூட்டின் கையில் இருந்தன. மூலையில் ஒரு மர அலுமாரி. போய்த் திறந்தான்.

"அங்கே வேண்டாம்!" லோமானின் மெல்லிய குரல் காணாமல் போயிருந்தது. பிறகு திரும்பி வந்தது. "கதிரையில் போடுங்கள், தயவுசெய்து. அங்கே இடமில்லை."

இடம் தாராளமாக இருந்தது. யூட் கதவைச் சாத்திவிட்டு வந்து சந்திரகாந்தியின் பக்கத்தில் குந்தினான். முகத்தில் மரியாதையான சிரிப்பை வைத்துக்கொண்டு, தமிழில் மெதுவாகச் சொன்னான். "காந்தியக்கா, அந்தாளின்ரை அலுமாரிக்குள்ளை ஈரமானி ஒண்டு கிடக்கு. நாப்பத்தஞ்சு காட்டுது. கோட்டுக்கு என்னத்துக்கு ஈரமானி?"

"கோட்டுக்கு எண்பது வயசாயிருக்கும். பொறு."

லோமான் பிரபாலினியைப் பார்த்தார். "நேரம் போகிறது. அட்டை எங்கே?"

"நான் எடுக்கவில்லை" என்றாள் பிரபாலினி ஜெர்மன் மொழியில்.

"அப்படியானால் மீதியைக் காவல்துறையிடம் சொல்லுங்கள்."

"ஒரு கேள்வி" என்றாள் சந்திரகாந்தி. "காணாமல் போனது எத்தனை அட்டை, டொக்டர்?"

"ஐம்பத்திரண்டு."

"ஐம்பத்திரண்டும் உங்களுக்கு முக்கியமில்லையா?"

"ஒவ்வொன்றும் முக்கியம். அவை ஈடு செய்ய முடியாதவை."

"ஆனால் நீங்கள் எழுதிய கடிதத்தில் ஒன்றைத்தான் கேட்கிறீர்கள். அந்த ஒன்று வந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்கிறீர்கள். மற்ற ஐம்பத்தொன்று எங்கே என்று இவரிடம் கேட்கவே இல்லை. ஏன்? அவை எங்கே இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியுமோ?"

லோமான் கோப்பிக் கோப்பையைத் தட்டில் வைத்தார். கணக்குப் பிழை யூட்டுக்கு இப்போதுதான் பிடிபட்டது. இரண்டு தடவை வாசித்தும் தெரியாமல் போன வெட்கத்தில் காது சுட்டது.

லோமான் சிரித்தார். "அந்த அட்டையைப் பார்ப்பதற்குத்தான் ஹலாஸ் அவர்கள் மூன்று வாரத்துக்கு முன்பே விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். அதனால்தான் கேட்டேன்."

"நீங்களா விண்ணப்பித்தீர்கள்?" யூட் வாயைத் திறந்துவிட்டான். சந்தேக ஆசாமி தலையாட்டினார்.

"தாத்தா எந்தக் கட்சியிலும் இருக்கவில்லை என்று புத்தகம் சொல்கிறது. அம்மா சாகுமுன் வேறு ஏதோ சொல்ல வந்தார், முடிக்கவில்லை. இன்றைக்கு அந்தப் பெயர்ப்பலகையின் திரையை இழுக்கப் போகிறவன் நான். தெரிந்துகொண்டு இழுக்க வேண்டும். டொக்டர் லோமான் ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்றார்."

ஒளிக்க நினைப்பான் என்று யூட் நம்பியிருந்த பேரன்தான் தேடி வந்தவன். எஸ்-பானில் தான் அடித்த பெருமை அவனுக்கு நினைவுக்கு வந்தது.

"உங்கள் தாத்தாவின் முழுப் பெயர் என்ன?" என்று சந்திரகாந்தி கேட்டாள்.

"பேலா. ஹங்கேரியில் எழுதுவது போல என்றால் ஹலாஸ் பேலா."

பிரபாலினியின் கை வாய்க்குப் போனது.

பேலா. B. இன்னும் திருத்தாத கோப்பு. அவளுக்கு விளங்கிவிட்டது, அவளுக்கு விளங்கியது யூட்டுக்கும் விளங்கிவிட்டது. அட்டை கிடங்கிலேயே, ஓட்டையிலிருந்து ஆறு கோப்புத் தள்ளி, ஒற்றைச் சுருக்குக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அது ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவள் மூன்று வாரம் மூடி வைத்தது எல்லாம் வெளியே வரும்.

சுவர் மணிக்கூட்டில் மூன்று ஐம்பத்தொன்று. உதவிக்குப் போக எழும்பிய யூட்டின் முழங்காலைச் சந்திரகாந்தி மேசைக்குக் கீழே அமத்திப் பிடித்தாள். யூட்டுக்கு அவள்மேல் அந்த நிமிடம் கோபம் வந்தது.

பிரபாலினி எழுந்தாள். கதிரை பின்னால் சாய்ந்தது, அதை நிமிர்த்திவிட்டு நின்றாள்.

"பீட்டர்சன் அம்மையாரே, நீங்கள் மூன்று வாரத்துக்கு முன் ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் பொய் சொன்னேன்." அவளுடைய ஜெர்மன் தடுக்கி விழுந்து எழும்பியது, ஆனால் நிற்கவில்லை. "நான் அட்டைகளைக் குடும்பப் பெயரில் அடுக்கவில்லை. சொந்தப் பெயரில் அடுக்கினேன். எங்கள் ஊர் வழக்கம் அது. பிழை என்று தெரிந்தபின் யாருக்கும் சொல்லாமல் திருத்தினேன். அதற்குத்தான் பிந்தி நின்றேன். A முதல் J வரை இன்னும் பிழையாகவே இருக்கின்றன. ஹலாஸ் பேலா அட்டை H இல் இருக்கவே இல்லை. அது B இல் இருக்கிறது."

பீட்டர்சன் உடனே வெளியே போனார். படியில் ஓடும் சத்தம் கேட்டது. லோமான் அசையாமல் இருந்தார். மூன்று இரவு பக்கத்துக் கோப்புகளை எல்லாம் கிளறியவர், தான் தேடியது B இல் கிடந்ததை இப்போதுதான் அறிகிறார். அந்த முகத்தைப் பார்க்க யூட்டுக்கு ஏதோ போல் இருந்தது.

"திங்கட்கிழமை மாலை நீங்கள் H கோப்பை எடுத்தீர்கள்" என்றாள் சந்திரகாந்தி. "திறந்து பார்த்தீர்கள். ஹொர்வாத், ஹெகெதூஷ் என்று H குடும்பங்கள் நிறைய இருந்தன, ஏனென்றால் இவர் ஏற்கெனவே திருத்திப் போட்டவை அவை. ஹலாஸ் மட்டும் இல்லை. இவர்தான் உருவி எடுத்துவிட்டார் என்று முடிவு செய்தீர்கள். மிரட்டினால் தந்துவிடுவார் என்று நினைத்தீர்கள்."

"இதெல்லாம் கற்பனை."

"இருக்கலாம். கோப்பை அழித்திருந்தால் கற்பனையாகவே போயிருக்கும். ஆனால் உங்களால் அழிக்க முடியாது, டொக்டர். முப்பது வருடம் காகிதத்தைக் காப்பாற்றியவர் நீங்கள். அதை வீட்டு நிலவறை ஈரத்தில்கூட வைக்க உங்களுக்கு மனம் வராது."

பீட்டர்சன் ஒரு பழுத்த அட்டையை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தபோது, யூட் அலுமாரியின் பக்கத்தில் நின்றான். "அம்மையாரே, தயவுசெய்து இதையும் நீங்களே திறவுங்கள். நான் எதையும் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள்."

அவர் அட்டையை மேசையில் வைத்துவிட்டுத் திறந்தார். மேல் தட்டில் ஈரமானி. அதன் கீழே புத்தம் புதிய சாம்பல் பெட்டி. பெட்டிக்குள் H கோப்பு. பெட்டியின் முனையில், பென்சிலால், லோமானின் அழகான கையெழுத்தில் எடுத்த திகதியும் '52 அட்டைகள்' என்ற குறிப்பும் இருந்தன. களவெடுத்த பொருளுக்கு லேபல் எழுதி வைத்த முதல் கள்ளன் இவராகத்தான் இருக்கும் என்று யூட் நினைத்தான். சிரிப்பு வரவில்லை.

"பெட்டிகள் வந்த நாளே அதைப் பார்த்தேன்" என்றார் லோமான். யாருக்குச் சொல்கிறார் என்று தெரியவில்லை. "பன்னிரண்டு வருடம் எழுதிய புத்தகம் அது. அந்தக் குப்பைக்குள் ஒருவரும் தேட மாட்டார்கள் என்று நினைத்தேன்."

கீழே மணி அடித்தது. நாலு மணி. காவல்துறையினர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள்.

"நீங்கள் கூப்பிட்டவர்கள்தான்" என்றான் யூட். "நான் போய்த் திறக்கட்டுமா?"

தோமாஸ் ஹலாஸ் அட்டையை வெகு நேரம் பார்த்தார். ஒட்டியிருந்த படத்தில் கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவன். கட்சியில் சேர்ந்த திகதி 1939 ஜூலை. யாரும் கழுத்தில் துப்பாக்கி வைத்துச் சேர்க்காத காலம்.

"பிள்ளைகளை ஒளித்து வைத்ததும் உண்மைதான்" என்றார் அவர். "காப்பாற்றப்பட்ட ஒருவரை நான் சந்தித்திருக்கிறேன். இதுவும் உண்மை. ஐந்து மணிக்கு இரண்டையும் சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு அவர்கள் திரையை விலக்குவார்களோ தெரியாது." சட்டையிலிருந்த பூவைக் கழற்றிப் பையில் போட்டார். பிரபாலினியின் முன்னால் நின்று கை கொடுத்தார். "நீங்கள் சரியாக அடுக்கியிருந்தால் எனக்கு இது கிடைத்தே இருக்காது" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனார்.

அறையில் நாலு பேர் மிஞ்சினார்கள். இரண்டு பொலிஸ்காரர்களும் லோமானோடு அடுத்த அறையில் இருந்தார்கள். பீட்டர்சன் தன் கதிரையை இழுத்துப் போட்டு பிரபாலினிக்கு எதிரே இருந்தார்.

"திருட்டு முடிந்துவிட்டது. மற்றது முடியவில்லை" என்றார். "பிழை எல்லாரும் விடுவதுதான். நீங்கள் மறைத்தீர்கள். நான் நேரே கேட்டபோது பொய் சொன்னீர்கள். அதற்கு Abmahnung தர வேண்டியிருக்கிறது. எழுத்தில். அது உங்கள் கோப்பில் இருக்கும்."

பிரபாலினிக்கு அந்தச் சொல் தெரியவில்லை. முகம் வெளிறி யூட்டைப் பார்த்தாள். "வேலை போட்டுதோ, தம்பி?"

"எச்சரிக்கைக் கடிதம் அக்கா. இன்னொரு தரம் இப்பிடிச் செய்தால் வேலை போகும் எண்டு எழுதித் தருவினம்."

"இன்னொரு தரமோ?"

"திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கையெழுத்து வையுங்கள்" என்று பீட்டர்சன் தொடர்ந்தார். "பிறகு J இலிருந்து தொடங்குவோம். இம்முறை நானும் கூட இருப்பேன்."

பிரபாலினி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, மூன்று நாளாக ரயில் நிலையத்தில் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து, வாய்விட்டு அழுதாள். சந்திரகாந்தி எழுந்து அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். பீட்டர்சன் பதறிப்போனார்.

"மிகக் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ? எந்த இடத்தில்?" என்று யூட்டிடம் கேட்டார்.

"கடுமை ஒன்றும் இல்லை, அம்மையாரே" என்றான் யூட். "நீங்கள் திங்கட்கிழமை என்று சொன்னீர்கள். அந்த இடத்தில்தான்."